ரீஃப் தொட்டியில் பாசி: பெயர் தெரிந்த பிறகு கை வையுங்கள்

மார்த்தாண்டத்திலோ பாறசாலையிலோ, வீட்டு முன்னறையில் ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவருக்கு முதல் ஆண்டுக்குள் ஒருமுறையாவது பாசி வந்தே தீரும். வந்ததும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: தண்ணீரை மாற்றுவார்கள், பாஸ்பேட் உறிஞ்சியைக் கொட்டுவார்கள், தீனியை நிறுத்துவார்கள். பச்சை நூல்பாசி என்றால் இது ஓரளவு சரி. டைனோ என்ற பழுப்புச் சளிப்பாசி என்றால் இதே வேலை தொட்டியைக் கொன்றுவிடும். நூல்பாசி சத்து மிஞ்சிய தண்ணீரில் கொழுக்கிறது. டைனோவோ பெரும்பாலும் சத்து வற்றிய தண்ணீரில்தான் தலைதூக்குகிறது. ஒன்றுக்கு மருந்து மற்றதற்குத் தீனி. ஆகவே முதல் வேலை பாசியின் பெயரைக் கண்டுபிடிப்பது.

கீழே வரும் அளவுகள் எல்லாம் 200 லிட்டர் நிகர நீருக்கு. உங்கள் தொட்டியின் உள் நீளம், அகலம், நீர்மட்டத்தின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். அதில் கல்லுக்கும் மணலுக்கும் 10 முதல் 15 சதவீதம் கழித்து, சம்பில் (தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டி) நிற்கும் நீரைக் கூட்டுங்கள். கடைக்காரர் சொன்ன லிட்டரை வைத்து மருந்து அளக்க வேண்டாம்.

முதல் படி: இது எந்தப் பாசி?

கண்ணாடியில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை படியும் மெல்லிய பச்சைப் படலம் நோய் அல்ல. காந்தத் துடைப்பானால் துடைத்தால் போதும். கல்லில் கெட்டியாக ஒட்டியிருக்கும் ஊதா, இளஞ்சிவப்புப் பூச்சு கோரலைன் பாசி. அதைச் சுரண்டாதீர்கள், அது நல்ல அறிகுறி.

புதுத் தொட்டியின் மணலில் சுக்குக் காப்பிப் பொடியைத் தூவியது போல வருவது டயட்டம். விரல் பட்டால் புகை போலக் கலைந்துவிடும். சிலிக்கேட் தீர்ந்ததும், பொதுவாக ஒன்றரை மாதத்துக்குள், தானே போகும். தொட்டி பழகிய பிறகும் திரும்பத் திரும்ப வந்தால் உங்கள் தண்ணீர் வடிகட்டியில் கோளாறு.

சிவப்பு அல்லது கருஞ்சிவப்பு நிறத்தில் பாலாடை போல விரிந்து, ஊதினால் துண்டு துண்டாக உரிந்து வருவது சயனோ. இது பாசியே அல்ல, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. நீரோட்டம் செத்த மூலைகளில்தான் முதலில் பிடிக்கும்.

ஊறவைத்த கதம்பை நாரைப் பச்சைச் சாயத்தில் முக்கியது போலத் தொங்குவது நூல்பாசி. அதே பச்சையில், தென்னை ஓலை மாதிரி நடு ஈர்க்கின் இருபுறமும் கிளை இருந்தால் பிரையாப்சிஸ். ஓர் இழையைப் பிய்த்து வெள்ளைக் கிண்ணத்தில் நீர்விட்டுப் பரப்பி, பூதக்கண்ணாடியால் பாருங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் நத்தை வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. பிரையாப்சிஸை நத்தைகள் பெரும்பாலும் சீண்டுவதில்லை.

வெந்த சவ்வரிசி பச்சையானது போல உருண்டு மின்னுவது குமிழ்ப்பாசி, அதாவது வலோனியா.

கடைசியாக டைனோ, முழுப்பெயர் டைனோஃபிளாஜெல்லேட். பழுப்புநிறச் சளி போல கல்லிலும் பவளத்தின் நுனியிலும் தொங்கும். சளிக்குள் காற்றுக் குமிழ் சிக்கியிருக்கும். விளக்கணைந்த பிறகு குறைந்து, மறுநாள் மதியத்துக்குள் பழையபடி மூடிவிடும். நத்தைகள் சுருண்டு மணலில் மல்லாந்து கிடந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். உறுதிசெய்ய ஒரு எளிய சோதனை: சளியைக் கொஞ்சம் சிரிஞ்சில் உறிஞ்சி, சிறு பாட்டிலில் தொட்டித் தண்ணீரோடு போட்டு நன்றாகக் குலுக்குங்கள். டிஷ்யூ தாளில் வடிகட்டி, வடிந்த தெளிநீரை ஒரு மணிநேரம் விளக்கடியில் வையுங்கள். நூல் நூலாக மறுபடி திரண்டால் டைனோ. 400 மடங்கு காட்டும் மாணவர் நுண்ணோக்கி கிடைத்தால் இனத்தையே பிரித்துவிடலாம்: ஆஸ்ட்ரியாப்சிஸ் ஒரு முனை கூர்ந்த நீர்த்துளி வடிவில், ஓரிடத்தில் கட்டிப்போட்டது போலச் சுழலும், ஆம்ஃபிடினியம் தடையின்றி நீந்தும், பெரும்பாலும் மணலில்தான் இருக்கும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் அரைமணி நேரம் கேட்டு வாங்கினாலும் போதும்.

இரண்டாம் படி: அளந்து எழுதுங்கள்

உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35, அதாவது ஒப்படர்த்தி 1.026. ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் சரிபார்த்தால் போதாது. 35 என்று குறித்து விற்கும் திட்டக் கரைசலில் சரிபார்க்க வேண்டும். வெப்பம் 25 முதல் 27 டிகிரி, காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச், கால்சியம் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு), மெக்னீசியம் 1300 பிபிஎம்மை ஒட்டி. பாசிக் கணக்கில் முக்கியமானவை இரண்டுதான்: நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.10 பிபிஎம்.

பாஸ்பேட்டை நிறம் பார்த்துச் சொல்லும் சோதனைப்பெட்டி இந்தச் சிறு அளவுகளில் உதவாது. ஹன்னாவின் பாஸ்பரஸ் அளவி போன்ற மின்கருவி வேண்டும். அது பாஸ்பரஸைப் பிபிபி-யில் (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டும், 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் பாஸ்பேட் பிபிஎம். 20 என்று காட்டினால் 0.061.

தொட்டி முழுக்க நூல்பாசி, சோதனையில் பாஸ்பேட் பூஜ்யம். இதைப் பார்த்து ஏமாறாதவர் குறைவு. நீங்கள் அளப்பது பாசி தின்ற பிறகு மிஞ்சியதை. சத்து பாசியின் உடம்பில் இருக்கிறது, கல்லிலும் இருக்கிறது. சுண்ணாம்புக் கல் பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்து, நீரில் குறையக் குறைய வெளியே விடும். அதனால்தான் ஒரு வாரம் குறைந்த அளவு மறுவாரம் ஏறி நிற்கிறது. பூஜ்யத்தை இலக்காக வைக்காதீர்கள். பூஜ்யம் பவளத்துக்குப் பட்டினி, டைனோவுக்குத் திறந்த கதவு.

மூன்றாம் படி: வெள்ளம் எங்கிருந்து வருகிறது?

களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெரும்பாலும் கிணற்று வெள்ளம்தான். செம்பாறை மண் கிணறுகளில் வெள்ளம் அமிலத்தன்மையோடு, கரியமில வாயு நிறையக் கரைந்து இருக்கும். ஆர்ஓ சவ்வு உப்பைத் தடுக்கும், கரைந்த வாயுவைத் தடுக்காது. அந்த வாயு நேராக டிஐ ரெசினுக்கு (ஆர்ஓ-வுக்குப் பின் மிச்ச உப்பையும் பிடிக்கும் மணிகள்) போய் அதைச் சீக்கிரம் தீர்த்துவிடும். ரெசின் மாதத்துக்கொருமுறை தீர்கிறது என்று நொந்துகொள்பவர்கள், ஆர்ஓ-விலிருந்து வரும் நீரை மூடாத டிரம்மில் பிடித்து, ஏர்ஸ்டோன் போட்டு 24 மணிநேரம் காற்றேற்றி, அதன்பின் சிறு பம்பு மூலம் டிஐ வழியாக அனுப்பிப் பாருங்கள். கடலோரக் கிணறுகள் கோடையில் உவர்க்கும். அப்போது ஆர்ஓ-வுக்குப் பின் வரும் டிடிஎஸ்ஸும், அதாவது கரைந்த உப்பின் அளவும், ஏறும். மழைக்காலத்தில் கலங்கல் என்றால் 5 மைக்ரான் வடிகட்டியை அடிக்கடி மாற்ற வேண்டும்.

குடிநீருக்கு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஆர்ஓ-வை அப்படியே பயன்படுத்தாதீர்கள். சுவைக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடும் டிடிஎஸ் திருகும், தாது சேர்க்கும் உறையும் அதில் இருக்கும். சவ்வுக்கு அடுத்த குழாயிலிருந்தே நீரைப் பிரித்து டிஐ-க்குக் கொண்டுபோங்கள். டிஐ-க்குப் பின் டிடிஎஸ் 0 இருக்க வேண்டும். 1 காட்டினாலே ரெசினை மாற்றுங்கள். தீரும் ரெசின் முதலில் நழுவவிடுவது சிலிக்கேட் போன்றவற்றை, அவை டிடிஎஸ் மீட்டரில் சரியாகத் தெரியாது.

கடல் பக்கத்தில்தானே, கடல்வெள்ளமே எடுத்துவந்தால் என்ன? எடுக்கலாம், நிபந்தனையோடு. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிய பிறகு தென்மேற்குக் கரையில் அடிக்கடலின் சத்துநிறைந்த குளிர்நீர் மேலேறி வரும். மீனுக்கு அது பொற்காலம், உங்கள் தொட்டிக்கு உரமூட்டை. ஜூன் முதல் செப்டம்பர் வரை எடுக்க வேண்டாம். குழித்துறையாறு கலக்கும் தேங்காப்பட்டணம், பழையாறு கலக்கும் மணக்குடி போன்ற முகத்துவாரங்களும் துறைமுகங்களும் எப்போதுமே வேண்டாம். மற்ற மாதங்களில் கரையிலிருந்து விலகி வள்ளத்தில் போய் எடுத்து, மூடிய கேனில் இருட்டில் இரண்டு வாரம் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் 5 மைக்ரான் வழியாக வடித்து, பாஸ்பேட் அளந்து 0.05-க்குக் கீழ் இருந்தால் சேருங்கள்.

உப்புக்கலவை என்றால் 40 லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. மழைக்காலத்தில் பை ஈரம் குடித்துக் கட்டிப்படும். இறுக்கமூடும் வாளியில் வையுங்கள். நாகர்கோவில் பக்கத்துப் புத்தளம் உப்பளத்து உப்பு கருவாட்டுக்கு அருமையானது, பவளத்துக்கு ஆகாது. அதில் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான் இருக்கும். மெக்னீசியத்தில் பெரும்பகுதி கழிநீரோடு போய்விட்டிருக்கும். கரையோர மணலும் அப்படியே. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் அழகாக மின்னும், ஆனால் அதில் இருப்பது இல்மனைட்டும் தோரியம் உள்ள மோனசைட்டும். அரகோனைட் என்னும் சுண்ணாம்பு மணலோடு நில்லுங்கள். கடலடிப் பாரில் கிடக்கிறதென்று பவளக்கல்லையும், மணலை மேயுமென்று கடல் அட்டையையும் கொண்டுவருவது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இரண்டும் 2001 முதல் அதன் அட்டவணையில் உள்ளன.

நான்காம் படி: கையால் பிடுங்குங்கள்

ரசாயனத்துக்கு முன்னால் கை. பிடுங்கும் ஒவ்வொரு பிடியோடும் பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் நிரந்தரமாக வெளியேறுகின்றன.

தண்ணீர் மாற்றும் நாளில் இதைச் செய்யுங்கள். 40 லிட்டர் பழைய நீரை இரண்டு வாளியில் எடுங்கள். பாசி பிடித்த கல் தனியாக வருமென்றால் முதல் வாளிக்குள் வைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, இரண்டாம் வாளியில் அலசுங்கள். பிடிவாதமான இடத்துக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. நம் மருந்துக்கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 6 சதவீதம். சம அளவு ஆர்ஓ நீர் கலந்து 3 ஆக்குங்கள். கல்லைக் காற்றில் வைத்தபடி பாசிமேல் மட்டும் தூரிகையால் தடவி, மூன்று நிமிடம் விட்டு, அலசிவிட்டுத் திரும்ப வையுங்கள். பவளத்தின் மேல் படக்கூடாது. தொட்டிக்குள்ளேயே ஊற்றும் பழக்கத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சுத்தம்செய்யும் இறால்கள் அதைத் தாங்குவதில்லை.

எடுக்க முடியாத கல்லென்றால் 12 மி.மீ. குழாயை ஒரு கையில் பிடித்து, மற்றக் கையால் பிடுங்கப் பிடுங்க உறிஞ்சவிடுங்கள். பிய்ந்த இழை மிதந்துபோனால் போன இடத்தில் வேர்விடும். குழாயை வாயால் உறிஞ்சித் தொடங்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். சில டைனோக்களிலும் ஸோவாந்திட் பவளங்களிலும் பலைடாக்சின் வகைக் கொடிய நச்சு உண்டு. கையுறை போடுங்கள். பாசியைக் கொல்லக் கல்லைக் கொதிக்க வைக்கவும் கூடாது. அந்த ஆவியை மூச்சில் இழுத்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன.

ஐந்தாம் படி: வெளிச்சம், ஓட்டம், தீனி

விளக்கு ஒருநாளைக்கு எட்டு மணிநேரம் போதும். வெள்ளை, சிவப்பு, பச்சை ஒளியைக் குறைத்து நீலத்தைத் தக்கவையுங்கள். கிழக்கு ஜன்னல் வழியே காலை வெயில் தொட்டியில் விழுகிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள். ஓட்டம் மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப் போல 20 முதல் 40 மடங்கு, அதாவது வேவ்மேக்கர்கள் (தொட்டிக்குள் ஓட்டம் தரும் பம்புகள்) சேர்ந்து 4000 முதல் 8000 லிட்டர். கல்லுக்குப் பின்னால் கழிவு குவிந்தால் எண்ணிக்கை எவ்வளவு இருந்தும் பயனில்லை.

தீனியில் நம் பக்கத்துப் பிழை சாளை, அதாவது மத்தி மீன். மலிவு, புதியது, மீன்களும் பாய்ந்து தின்னும், ஆனால் எண்ணெய் நீரில் படர்ந்து, கழிவை நுரையாக வெளியேற்றும் ஸ்கிம்மரையே அடக்கிவிடும். தோலுரித்த இறாலும் கணவாயும் நல்லது, துறையில் புதிதாக வாங்கினால். பாக்கெட்டில் உறைந்து வரும் இறாலை எடை நிற்பதற்காகப் பாஸ்பேட் கரைசலில் ஊறவைப்பது உண்டு, அதைத் தவிருங்கள். உறைந்த தீனி எதுவானாலும் சல்லடையில் ஆர்ஓ நீர்விட்டு அலசிப் போடுங்கள். பட்டினி போட வேண்டாம். இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு, நாளுக்கு ஒருமுறை.

ஆறாம் படி: பாஸ்பேட்டை மெல்ல இறக்குவது

0.10-க்கு மேல் நிற்கிறதென்றால் மட்டும் இரும்பு உறிஞ்சி, அதாவது ஜிஎஃப்ஓ. பாக்கெட்டில் சொன்னதில் பாதி அளவில் தொடங்குங்கள். ஆர்ஓ நீரில் துரு நிறம் தெளியும்வரை அலசி, ரியாக்டர் என்ற வடிகட்டிக் குழலில் துகள்கள் மேற்பரப்பில் மட்டும் லேசாகப் புரளும்படி ஓட்டத்தை வையுங்கள். வேகமாகப் புரண்டால் அரைபட்டுத் தூளாகித் தொட்டிக்குள் வரும். வாரத்தில் இருக்கும் அளவில் பாதிக்கு மேல் குறையக்கூடாது. தடாலென இறங்கினால் பவளங்களின் சதை நுனியிலிருந்து உரியும். 0.05-ஐத் தொட்டதும் எடுத்துவிடுங்கள்.

சம்பில் இடமிருந்தால் இதைவிட நல்லது சீட்டோ பாசி. இரவில் எரியும் தனி விளக்கின் கீழ் ஒரு கைப்பிடி வளர்த்து, இரண்டு வாரத்துக்கொருமுறை பாதியைப் பிய்த்துத் தென்னை மூட்டில் போடுங்கள். வோட்கா, சர்க்கரை ஊற்றிப் பாக்டீரியா வளர்க்கும் முறை நடுவில் மின்சாரம் போகும் வீட்டுக்கு ஏற்றதல்ல. ஸ்கிம்மர் நின்ற இரவில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். பேட்டரி ஏர்பம்பு ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும்.

ஏழாம் படி: மேய்பவை

பிடுங்கி முடித்த பிறகுதான் நத்தை. இரண்டு அங்குல நூல்பாசியை எந்த நத்தையும் தின்னாது. குட்டைத் தளிரைத்தான் மேயும். டர்போ நான்கு, ட்ரோகஸ் ஆறு, அவ்வளவு போதும். ஐம்பது வாங்கினால் பாசி தீர்ந்ததும் பட்டினியில் செத்து, அதுவே அடுத்த பாசிக்கு உரமாகும். டர்போ கவிழ்ந்தால் தானாகத் திரும்பத் திணறும், ட்ரோகஸ் திரும்பிக்கொள்ளும். உப்புத்தன்மை மாற்றம் நத்தைக்கு ஆகாது. ஒன்றரை மணிநேரம் சொட்டுச்சொட்டாகத் தொட்டி நீரைச் சேர்த்துப் பழக்குங்கள். மீனில் ஃபாக்ஸ்ஃபேஸ் நல்ல மேய்ச்சல்காரன். நம் ஒரா மீனின் உறவு, முள்ளில் நஞ்சும் அப்படியே. வளர்ந்தால் 200 லிட்டர் அதற்குப் பற்றாது என்பதையும் யோசித்து வாங்குங்கள்.

நூல்பாசி என்றால் இத்தனையும் சேர்ந்து ஒன்றரை முதல் மூன்று மாதம் ஆகும். முதல் மூன்று வாரத்தில் மாற்றம் தெரியாது. பொறுமையில்லாமல் எதையும் கூட்டிவிடாதீர்கள்.

பிரையாப்சிஸ் என்றால்

மேலே சொன்னதற்கு இது அசையாது. இதற்கு வழி ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி, லிட்டருக்கு 5.3 மி.கிராம். 200 லிட்டருக்கு 1060 மி.கிராம், அதாவது 150 மி.கிராம் மாத்திரை ஏழு. இது மருத்துவச் சீட்டுக்குத் தரும் மருந்து. கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். கரிமம் (நச்சு உறிஞ்சும் கரித்துகள்), ஜிஎஃப்ஓ, யூவி (நீரிலுள்ள உயிரிகளைக் கொல்லும் புற ஊதா விளக்கு), சீட்டோ எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஸ்கிம்மர் கோப்பையைக் கழற்றி வெறும் காற்றுக்காக மட்டும் ஓடவிடுங்கள். மாத்திரையைப் பொடித்து, தொட்டி நீரில் கலக்கி, ஓட்டம் உள்ள இடத்தில் ஊற்றுங்கள். 14 நாள் தண்ணீர் மாற்றக் கூடாது. முதல் வாரம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும், பிறகு இழைகள் வெளுத்து உதிரும். உதிர்வதை உடனுக்குடன் உறிஞ்சி எடுங்கள். இல்லையென்றால் அந்தச் சத்தில் சயனோ வரும். கடைசியில் 30 சதவீதம் நீர் மாற்றி, புதுக் கரிமம் போடுங்கள்.

சயனோ என்றால்

உறிஞ்சி எடுத்து, ஓட்டத்தைத் திருப்பி, நைட்ரேட்டைப் பாருங்கள். பாஸ்பேட் இருந்து நைட்ரேட் பூஜ்யமாக இருப்பது சயனோவுக்கு மிகப் பிடித்த நிலை. பிறகு 72 மணிநேர இருட்டு: தொட்டியைக் கருந்துணியால் முழுக்க மூடி, ஏர்ஸ்டோன் போட்டு, தீனியைப் பாதியாக்குங்கள். நடுவில் எட்டிப் பார்க்கக் கூடாது. நான்காம் நாள் செத்ததை உறிஞ்சி, 20 சதவீதம் நீர் மாற்றி, விளக்கைப் பாதி வலிமையில் தொடங்குங்கள். எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கடைசி வழி. அது சயனோவை மட்டும் தேடிக் கொல்லாது, கல்லில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் தொடும்.

டைனோ என்றால்

இங்கே எல்லாம் தலைகீழ். தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள். ஜிஎஃப்ஓ-வை எடுங்கள். நஞ்சுக்காகக் கரிமம் மட்டும் இருக்கட்டும், வாரத்துக்கொருமுறை மாற்றி.

பிறகு சத்து ஏற்றுங்கள். ஆய்வகத் தரச் சோடியம் நைட்ரேட் 20 கிராமை 500 மி.லி. ஆர்ஓ நீரில் கரைத்தால், 7 மி.லி. ஊற்ற 200 லிட்டரில் நைட்ரேட் 1 பிபிஎம் ஏறும். ட்ரைசோடியம் பாஸ்பேட், 12 நீர்மூலக்கூறு கொண்டது, 4 கிராமை 500 மி.லி.-யில் கரைத்தால் 2 மி.லி. ஊற்ற பாஸ்பேட் 0.02 ஏறும். இரண்டையும் ஒரே பாட்டிலில் கலக்காதீர்கள். தினம் அளந்து ஊற்றி, நைட்ரேட் 5-லிருந்து 10, பாஸ்பேட் 0.08-ஐ ஒட்டி நிறுத்துங்கள். கல் பாஸ்பேட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், முதல் பத்து நாள் அளவு ஏறாவிட்டால் பயப்பட வேண்டாம்.

ஆஸ்ட்ரியாப்சிஸ் என்றால் யூவி. இரவில் அது நீரில் மிதக்கும் என்பதால் விளக்கு அதைப் பிடித்துவிடும். 10 லிட்டருக்கு 1 வாட் கணக்கில் 18 முதல் 25 வாட். நீரைச் சம்பிலிருந்து அல்லாமல் தொட்டியிலிருந்தே உறிஞ்சி, மணிக்கு 200 முதல் 500 லிட்டர் என மெதுவாக அனுப்புங்கள். மூன்று நாள் இருட்டோடு சேர்த்தால் இன்னும் நல்லது. பெரிய செல் ஆம்ஃபிடினியம் மணலைவிட்டு வராது, யூவி வாங்கிப் பணம் போக்காதீர்கள். அதற்குப் போட்டியாக டயட்டத்தை வளர்க்கச் சிறிது சிலிக்கேட் சேர்ப்பதுதான் பலருக்குப் பலித்த வழி. மணலைக் கிளறுவது வேண்டாம். நத்தைகள் சாகத் தொடங்கினால் மிச்சத்தை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

குமிழ்ப்பாசி

கல்லோடு சேர்த்து நெம்பி எடுப்பதே வழி. உடையாமல் எடுப்பது நல்லது. உடைந்தால் உறிஞ்சி எடுக்கக் குழாய் பக்கத்தில் இருக்கட்டும். பெரும்பாலும் இது புதுப் பவளத்தின் அடிக்கட்டையில் ஒட்டித்தான் வீட்டுக்குள் வருகிறது. வாங்கிய துண்டை அடிக்கட்டையிலிருந்து வெட்டி, வேறு கட்டையில் பசையால் ஒட்டுங்கள், பழைய கட்டையைக் குப்பையில் போடுங்கள். வெட்ட வராத இனமென்றால் தனித் தொட்டியில் நான்கு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள்.